நெஃப்ரான் பாடமும் என் எடையும்

ஒன்பதாம் வகுப்பில் நெஃப்ரான், பத்தாம் வகுப்பில் உடல் பருமன். இரண்டையும் பல ஆண்டுகளாகத் தனித்தனியே நடத்தி வந்தேன். அவற்றைச் சேர்த்து யோசிக்க வைத்தது ஒரு மாணவன்.

உடல் நிறைக் குறியீடு கணக்கிடும் பயிற்சி அன்று. மாணவர்களை வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பருமனான பிள்ளை கூனிக் குறுகிவிடும். பெரியவர்களுக்கான அளவுகோல் வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தவும் செய்யாது. எனவே என் எடையையே கரும்பலகையில் எழுதினேன். எடை 72 கிலோ, உயரம் 1.6 மீட்டர். விடை 28.1. இந்தியர்களுக்கு 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். வகுப்பே சிரித்தது. ஒரு மாணவன் மட்டும், "சார், எடை கூடுனா கிட்னிக்கு என்ன ஆகும்?" என்றான். அவனுடைய தாத்தா டயாலிசிஸ் செய்துகொள்பவர்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. உடல் பெருத்தாலும் எண்ணிக்கை அதேதான். பணியிடம் கூடாமல் மாணவர் எண்ணிக்கை மட்டும் கூடும் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்துச் சமாளிப்பார்கள். ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் அவருடைய வகுப்பும் மற்றவர் தலையில் விழும். நெஃப்ரானிலும் இதே கதைதான். கிளாமருலஸில் அழுத்தம் கூடி, தொடக்கத்தில் வடிகட்டும் வேகம்கூட உயர்கிறது. நாளடைவில் வடிகட்டிச் சுவர் நைந்து அல்புமின் புரதம் சிறுநீரில் கசிகிறது. சில நெஃப்ரான்கள் தழும்பாகிவிட, மீதமுள்ளவற்றின் சுமை மேலும் ஏறுகிறது. பருமனோடு வரும் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் தனிச் சுமை.

40 நாடுகளில் சுமார் 55 லட்சம் பெரியவர்களின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. குறியீடு 25 உள்ளவரோடு ஒப்பிட்டால், சிறுநீரகச் செயல்திறன் பெருமளவு சரியும் அபாயம் 30-இல் 18 விழுக்காடும், 35-இல் 69 விழுக்காடும் அதிகம். 40-இல் இரு மடங்கு.

ஒல்லியாக இருப்பதால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களின் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

நம்மைப் போன்றவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எடையால் மூட்டு வலிக்கிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுகிறோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வரும் நானும் போட்டவன்தான். அந்த மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை.

பாதிப்பு வெகுதூரம் போகும்வரை உடல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற இரு எளிய பரிசோதனைகள்தான் வழி. நானும் செய்துகொண்டேன். கிரியேட்டினின் சரியாக இருந்தது. அல்புமின் சற்றுக் கூடுதல். மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். எடை குறைந்தால் கசிவும் குறையக்கூடும் என்றார்.

இப்போது 67 கிலோ. கணக்கை அந்த மாணவனே பலகையில் போட்டான்: 26.2. மறுபரிசோதனை அடுத்த வாரம்.