வாட் கணக்கைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்

கண்டியில் ஒரு பிள்ளைக்கு எலக்ட்ரிக் கிட்டார் அம்ப் வாங்கப் போகிறார்கள் என்றால், கூடப் போகிற மாமாவோ அண்ணனோ கடைக்காரரிடம் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அடுத்தது, "எத்தனை சவுண்ட் இருக்கு?" வீட்டில் பழகுகிறவருக்கு இந்த இரண்டு கேள்விகளும் உதவாது என்பது என் கட்சி. மற்ற அம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்கிற சின்ன மாடலிங் அம்ப் வைத்துப் பழகுகிறவன் என்பதால் "அது விளையாட்டுச் சாமான், மண்டபத்துக்குப் போனால் தெரியும்" என்ற பேச்சை வேண்டிய அளவு கேட்டுவிட்டேன். அதற்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவுக்கு வொலியூமைக் குறைத்த பிறகும் இந்த அம்பில் கிட்டார் கிட்டாராகக் கேட்கிறதா? நம் வீடுகள் இருக்கிற இருப்பில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. மஹியாவையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனைப் பக்கத்திலும் வீடுகள் சரிவில் ஒன்றின் தலைக்குமேல் ஒன்றாக நிற்கின்றன. நம் முற்றமும் கீழ்வீட்டுக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். மேல்மாடியில் வாடகைக்கு இருந்தால் கீழே வீட்டுக்காரர், அனெக்ஸில் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அடித்து வாசிக்கிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கப் போகும்.

வாட் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். செலெஸ்டியன் விண்டேஜ் 30 என்பது ராக் கிட்டார்காரர்கள் நன்கு அறிந்த 12 அங்குல ஸ்பீக்கர். அதற்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் சத்தம் வரும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கிறது. வீட்டில் நிறைவாகப் பழக 75 டெசிபல் தாராளம். ஒவ்வொரு 10 டெசிபல் இறங்கும்போதும் தேவைப்படும் மின்சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலிலிருந்து 75க்கு இறங்க ஒரு வாட்டில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 மில்லிவாட் போதும். 50 வாட் அம்பை வாங்கி அறையில் வைக்கிறவர் அதன் சக்தியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியைத்தான் வருடம் முழுவதும் பாவிக்கிறார். 25 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல் மட்டும். காதுக்கு அது கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் சக்தி பத்து மடங்காக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டவர் 20 வாட் அம்பைப் பார்த்து 'பத்தாது' என்று சொல்ல மாட்டார்.

"கூட இருந்தால் நல்லதுதானே, குறைத்து வைத்தால் போச்சு" என்பார்கள். பேச்சுக்குச் சரியாக இருக்கிறது. இந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஆட்கள் அதிகமாகக் காசை இழக்கிறார்கள், அதனால் இதில் சற்று நிற்கிறேன். ஒரு பெரிய அம்பின் முன்னால் உட்கார்ந்து மாஸ்டர் வொலியூம் குமிழைப் பிடித்துப் பாருங்கள். பூச்சியத்தில் ஒன்றும் கேட்காது. மயிரிழை திருப்பினால் கம்பியின் சத்தம் அம்பிலிருந்து வருவதைவிடக் கிட்டாரிலிருந்தே கூடுதலாக வரும். இன்னொரு மயிரிழை திருப்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். வீட்டுக்கான சத்தம் இந்த இரண்டுக்கும் நடுவே, நகம் நுழையாத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று கண்டுபிடித்த இடம் இன்றைக்குக் கிடைக்காது. பழக உட்கார்ந்த நேரத்தில் பாதி குமிழோடு போராடுவதில் போகும். சில வாரங்களில் கிட்டார் உறைக்குள் போய்விடும். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள். ஆர்வம் இருந்தது, அதற்கு ஏற்ற அம்ப் இல்லை. பிறகு மாற்றி வாங்கலாம் என்றால் அதுவும் இலகுவல்ல. இந்தச் சாமான்கள் எல்லாம் டொலர் விலையில் வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு தடவை பிழையாக வாங்கினால் அதை நட்டத்துக்கு விற்று மற்றதை வாங்குகிற வசதி இங்கே பலருக்கு இல்லை.

இந்தக் குமிழ்ப் பிரச்சினையைத் தயாரிப்பாளர்களும் அறிவார்கள். 2016இல் வந்த பொஸ் கட்டானா 50இல் சக்தியைத் தெரிவுசெய்யத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார்கள்: அரை வாட், 25 வாட், 50 வாட். அரை வாட்டில் வைத்தால் மாஸ்டர் குமிழைத் தைரியமாகத் திருப்பலாம். பெரிய அம்ப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் இப்படியொரு சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள் என்பதே. ஆனால் மேலே போட்ட கணக்கின்படி அரை வாட்டும் 97 டெசிபல் தரக்கூடியது. சுவிட்ச் உதவிக்கு வருகிறது, பிரச்சினையை முழுதாகத் தீர்ப்பதில்லை. அதற்கு இன்னொரு காரணம் நம் காது.

பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தின் அடிப்படை. சத்தம் குறையக் குறைய மனிதக் காது கீழ்ச்சுருதிகளையும் மிக உயர்ந்த சுருதிகளையும் நடுச்சுருதிகளைவிட வேகமாக இழக்கிறது. மண்டபத்தில் நெஞ்சில் மோதுகிற அதே கிட்டார் ஒலி அறையில் சத்தத்தைக் குறைத்ததும் தகரம் மாதிரி ஆவது இதனால்தான். அம்பில் பிழை இல்லை, கையிலும் பிழை இல்லை. ஆகவே வீட்டுக்கான நல்ல அம்ப், குறைந்த சத்தத்துக்கென்றே உருவாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். யமஹா 2011இல் கொண்டுவந்த டிஎச்ஆர்10 இந்த எண்ணத்தில் பிறந்தது. 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு, மேசையில் வைக்கிற வானொலிப் பெட்டி அளவு உடல், முதல் தலைமுறையில் பற்றரியிலும் வேலை செய்யும் வசதி. அதன் பிறகு பொசிட்டிவ் கிரிட் ஸ்பார்க், பொஸ் கட்டானா ஏர் என்று அந்த வழியில் பல வந்துவிட்டன. பார்வைக்குக் கௌரவமில்லாத இந்தச் சின்னப் பெட்டிகளின் பக்கம்தான் நான் நிற்கிறேன். 12 அங்குல ஸ்பீக்கர் மேடைச் சத்தத்தில் அருமை; பேச்சுச் சத்தத்தில் அது பாதி உறக்கத்தில் இருக்கிறது.

வால்வ் அம்ப் பக்தர்களுக்கு இது உடன்பாடாக இராது. வால்வ் அம்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பவர் வால்வுகளும் ஸ்பீக்கரும் திணறுகிற அளவுக்கு ஓட்டும்போதுதான் நாம் இசைத்தட்டுகளில் கேட்டு மயங்கிய அந்த முறுகல் வருகிறது. 5 வாட் வால்வ் அம்பையும் அந்த நிலைக்குக் கொண்டுபோனால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். அமெரிக்காவில் டொம் ஷோல்ஸ் என்ற கிட்டார்காரர் 1982இல் ரொக்மேன் என்ற, இடுப்பில் மாட்டுகிற ஹெட்போன் அம்பைச் செய்ததும் சத்தமில்லாமல் அந்த முறுகல் வேண்டும் என்பதற்காகத்தான். லைன் 6 நிறுவனம் 1996இல் ஆக்ஸிஸ் 212 என்ற முதல் டிஜிட்டல் மாடலிங் அம்பையும், 1998இல் சிவப்பு அவரை விதை வடிவில் பொட் என்ற கருவியையும் வெளியிட்டது. வால்வ் அம்பின் சுற்றுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் கணக்காக்கி, அதன் முறுகலையும் சத்தத்தின் அளவையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தார்கள். மாடலிங்கின் உண்மையான பெறுமதி இந்தப் பிரிப்பில் இருக்கிறது. வால்வ் அம்பை வாங்கிக் குறைத்து வாசிக்கிறவர், எதற்காக அதை வாங்கினாரோ அதை ஒரு நாளும் கேட்பதில்லை. தேய்ந்த வால்வை மாற்றக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியிருப்பது தனிக் கதை.

இனி "எத்தனை சவுண்ட்" என்ற கேள்வி. லைன் 6 ஸ்பைடர் வி வரிசை 200க்கும் மேற்பட்ட அம்ப், கேபினெட், எஃபெக்ட் மாதிரிகளோடு வந்தது. கட்டானா ஐந்தே ஐந்து அம்ப் வகைகளோடு வந்து உலகம் முழுக்க விற்றது. கண்டியில் வாசிக்கிற ஒருவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். கல்யாண வீட்டில் பைலா வரும், இளையராஜா பாட்டு வரும். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னால் நிற்க வேண்டிவரும். 2001இல் கண்டியிலேயே உருவான பரனோயிட் ஏர்த்லிங் குழு மாதிரி ராக் வாசிக்க ஆசைப்படுகிற இளைஞர்களும் நிறைய. இவ்வளவுக்கும் மூன்று ஒலிகள் போதும்: சுத்தமான கிளீன், கொஞ்சம் கரகரப்பு, முழு டிஸ்டோர்ஷன். அவற்றோடு கோரஸும் ரிவர்பும். பைலாவுக்கும் சினிமாப் பாட்டுக்கும் உயிர் கொடுப்பது கோரஸ் கலந்த கிளீன்; ரோலண்ட் 1975இல் ஜேசி-120 அம்புக்குள் கோரஸை வைத்ததிலிருந்து அந்த ஒலிக்கு மவுசு குறையவே இல்லை. டிஸ்டோர்ஷன் பல குறைகளை மறைத்துவிடும், கிளீனில் ஒன்றும் மறையாது. அதனால் ஒரு மாடலிங் அம்பை எடைபோட அதன் கிளீன் ஒலியை மட்டும் கேட்டாலே பாதி முடிவு எடுத்துவிடலாம். சில அம்ப்களில் முக்கால்வாசி வேலையைப் போன் செயலிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. போன் மாறும், செயலி பழசாகும். கெயின், பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்களாவது முன்பக்கத்தில் கைக்கு எட்ட வேண்டும்.

அப்படியானால் அம்ப் எதற்கு, ஹெட்போன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரவு பத்து மணிக்குப் பிறகு ஹெட்போன்தான், அதில் தர்க்கமில்லை. ஹெட்போன் துளை இல்லாத அம்பை வாங்கவே வேண்டாம். ஆனால் பகல் பழக்கமும் ஹெட்போனில்தான் என்றால் இரண்டு நட்டம். ஒன்று, காதுக்குள் நேரே வருகிற சத்தத்தை ஆட்கள் கூட்டிக்கொண்டே போவார்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை, சத்தம் கூடினால் அந்த நேரம் விரைவாகச் சுருங்கும். மற்றது கையைப் பற்றியது. அறைக்காற்றில் ஒலி பரவும்போதுதான் வாசிக்காத கம்பிகள் முனகுவதும், வலது உள்ளங்கை சரியாக அமத்தாததும் தெளிவாகத் தெரியும். கூடப் பாடுகிற தங்கைக்கும் கேட்க வேண்டாமா? மடிக்கணினியில் மென்பொருள் போட்டு வாசிப்பதும் இதே வகை. அதோடு கம்பியைத் தட்டியதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் தாமதம் இல்லாமல் சரிக்கட்டுகிற தலைவலியும் சேரும்.

மேடை பற்றிய கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கடுமையாக வருகிறது: நாளைக்கு பேண்டில் சேர்ந்தால்? சேரட்டும். இன்றைய மண்டபங்களில் கிட்டார் அம்பின் சத்தத்தை நம்பி யாரும் நிகழ்ச்சி நடத்துவதில்லை. அம்புக்கு முன்னால் மைக் வைப்பார்கள், இல்லாவிட்டால் லைன் அவுட்டில் இருந்து வயர் இழுத்து மிக்ஸருக்குக் கொடுப்பார்கள்; சனத்துக்குக் கேட்பது பெரிய ஸ்பீக்கர்களில். டிரம்ஸோடு ஒத்திகை என்றால் சின்ன அம்ப் அமுங்கிப்போகும் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தேவை உண்மையிலேயே வருகிற நாளில், உழைப்பு எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்தபின், மேடைக்கு வேறொன்று வாங்குவதே புத்தி. தினமும் பழகுகிற இடத்தைப் பாழாக்கிவிட்டு, வருமோ வராதோ தெரியாத மேடைக்காக இன்றைக்குக் காசு போடச் சொல்வதை என்னால் ஆமோதிக்க முடியவில்லை.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. கனடாவிலிருந்து சித்தப்பா அம்ப் கொண்டுவருகிறார் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. வெளியே தனி அடாப்டர் உள்ளவற்றில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் பயமில்லை, பிளக் முனையை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகவே கூடாது. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேர இடி மின்னலுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த ஊரில் பற்றரியிலும் ஓடுகிற அம்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். கடையில் மாட்டியிருக்கிற விலைகூடிய கிட்டாரில் எந்த அம்பும் இனிக்கும். கடைக்காரர் வொலியூமை ஏற்றித்தான் காட்டுவார். நீங்கள் குறையுங்கள், அவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற வரைக்கும். எஃபெக்ட் எல்லாவற்றையும் நிறுத்தி, கிளீனில் ஒரு ஈ மைனர் கோர்டை மெதுவாக மீட்டி, ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்டோர்ஷனில் தடித்த கம்பியை உள்ளங்கையால் அமத்தித் தட்டுங்கள். கொழகொழவென்று இழுபடாமல் ஒவ்வொரு தட்டும் பிரிந்து வர வேண்டும். கம்பிகளைக் கையால் மூடிவிட்டு அம்பின் இரைச்சலையும் கேளுங்கள், இரவு நேர அறையில் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். பாவித்த அம்ப் என்றால் ஒவ்வொரு குமிழையும் முழுச் சுற்றுத் திருப்பிக் கரகரக்கிறதா பாருங்கள். நம் ஊர் ஈரம் முதலில் பிடிப்பது அவற்றைத்தான். பெரிய அம்ப் வாங்காமல் மிஞ்சுகிற காசில் கிட்டாரை நல்ல வேலைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, கழுத்தை நிமிர்த்தி, கம்பி உயரத்தைச் சரிசெய்து, புதுக் கம்பி போட்டு வாங்கிவிடுங்கள்.