சங்க விதிகளை எப்போது புரட்டிப் பார்ப்பது?

2015-ஆம் ஆண்டு மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைமைப் பூசலில் பலரும் முதன்முறையாகக் கேள்விப்பட்டது கட்சி அமைப்பின் 91-ஆவது விதி. கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் உறுப்பினர் தானாகவே உறுப்பியத்தை இழப்பார் என்கிறது அது. 2013 கட்சித் தேர்தல் தொடர்பான சங்கப் பதிவிலாகாவின் உத்தரவை எதிர்த்து வழக்குப் போட்ட அப்போதைய தலைவர் ஜி. பழனிவேல், அந்த விதியின்படி உறுப்பினரே அல்லர் என்றது மறுதரப்பு. துணைத் தலைவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் கோயில் நிர்வாகத்திலோ கிள்ளான் முன்னாள் மாணவர் சங்கத்திலோ இவ்வளவு பெரிய புயல் அடிக்காது. ஆனால் அங்கும் விதிப் புத்தகம் சண்டை வந்த பிறகுதான் அலமாரியை விட்டு இறங்குகிறது.

விதிகளை மறுஆய்வு செய்ய உட்காரும் செயலவை, முதலில் தாள்களைச் சட்டவிதி, கொள்கை என இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். சட்டவிதியைத் திருத்தப் பொதுக்கூட்டத் தீர்மானமும், 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி பதிவிலாகாவின் ஒப்புதலும் தேவை. பங்கு மூலதனமில்லாத உத்தரவாத நிறுவனமாகப் பதிந்திருந்தால் 75 விழுக்காட்டு வாக்குடன் சிறப்புத் தீர்மானம். மண்டப வாடகை, பயணப்படி, கொள்முதல் நடைமுறை போன்ற கொள்கைகளையோ செயலவையே இன்றிரவுகூட மாற்றலாம். அடிக்கடி மாறக்கூடிய தொகைகளைச் சட்டவிதிக்குள் திணிக்காதிருப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மறுஆய்வுக்கு மூன்று வழிகள் உண்டு. ஆண்டுதோறும் எல்லாவற்றையும் பார்ப்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அட்டையில் தேதியை மட்டும் மாற்றும் சடங்காகிவிடும். நான்கைந்து கொள்கைகளே உள்ள சிறு சங்கத்துக்கு மட்டும் இது சரிப்படும்.

சட்டம் மாறும்போது மட்டும் பார்ப்பது இரண்டாவது வழி. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் வணிக நிறுவனங்களையே ஊழலுக்குப் பொறுப்பாக்கியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை அறிவிக்கும் கடமையைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட மாற்றங்களைக் கவனிக்கச் சம்பளம் பெறும் செயலாளர் உள்ள அமைப்புக்கு இந்த வழி பொருந்தும். மாலை வேலை முடித்து வந்து கூட்டம் போடும் தொண்டர்களுக்குப் பொருந்தாது.

அவர்களுக்கு ஏற்றது மூன்றாவது வழியான மூன்றாண்டுச் சுழற்சி: ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. பணம், நலன் முரண்பாடு இவை முதல் ஆண்டிலேயே வரட்டும். இடையில் சட்டம் மாறினால் அந்தக் கொள்கையை மட்டும் முன்னுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

வழக்கறிஞரிடம் சட்டவிதியைக் காட்டினால் போதும். கொள்கைகளை அவற்றை நடைமுறைப்படுத்துபவர்களே எழுதட்டும்.

ஆய்வை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே முடித்தால், திருத்தத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க முடியும். தீர்மானம் நிறைவேறிய 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை பழைய விதியே செல்லும்.