ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவைப் பேச விடு

அப்பாவுக்கு ப்ரோஸ்டேட் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டதா, தங்கச்சி? ஃபைல், இன்ஷூரன்ஸ், துணைக்கு யார் என்பதோடு இன்னொன்றையும் கவனி. மனுஷர் பயந்துபோயிருக்கிறாரா? வாயால் சொல்ல மாட்டார். ராத்திரி பாத்ரூம் போய்வந்த பிறகும் படுக்காமல் உட்கார்ந்திருப்பார். “இப்ப என்ன அவசரம், பொங்கல் கழிச்சுப் பண்ணிக்கலாமே” என்பார்.

பயத்தில் பி.பி., சுகர் இரண்டும் ஏறும். ரொம்ப ஏறினால் ஆபரேஷனையே தள்ளிவைப்பார்கள். முன்கூட்டியே பதறுகிறவர்களுக்குப் பின்னால் வலியும் கூடுதலாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக “பயந்தா குணமாகாதுப்பா” என்று சொல்லித் தொலைக்காதே!

“ஒண்ணும் ஆகாது” என்பதும் உதவாது. என்ன ஆகும் என்று சொல். சிறுநீர்ப் பாதை வழியாகவே செய்யும் டி.யு.ஆர்.பி. என்றால் வெளியே தையல் கிடையாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். வார்டுக்கு வரும்போது ட்யூபும் பையும் இருக்கும். பையில் சிவப்பாகத்தான் இறங்கும், சலைன் விட்டுக் கழுவக் கழுவ வெளிறும். ட்யூப் எடுத்த பிறகும் எரிச்சல், அவசரம் கொஞ்ச நாள் இருக்கும். இதை முன்பே கேட்டு வைத்தவர் பையைப் பார்த்து அரண்டுபோக மாட்டார்.

புற்றுநோய்க்காக முழுவதுமாக எடுப்பதென்றால் கதை வேறு. ட்யூப் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், சிறுநீர்க் கசிவு நிற்க மாதக்கணக்கில் ஆகலாம். இடுப்புத்தளப் பயிற்சியை இப்போதே பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளட்டும். செய்ய ஒரு வேலை இருந்தால் பதற்றமும் கொஞ்சம் அடங்கும்.

உன்னிடம் சொல்லவே முடியாத பயம் ஒன்று உண்டு, தாம்பத்தியம். டி.யு.ஆர்.பி.க்குப் பிறகு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவது சகஜம். முன்பே தெரியாவிட்டால் ஆண்மையே போய்விட்டதென்று ஒடிந்துபோவார். நீ பக்கத்தில் இருந்தால் டாக்டரிடம் அந்தக் கேள்வி வராது. “போன் பேசிட்டு வரேன்பா” என்று எழுந்து வெளியே போ. அம்மா இருக்கட்டும்.

தூக்கம் வரவில்லையென்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தராதே, மயக்க டாக்டரிடம் சொல். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிப் பத்து நாள் கழித்துக்கூட சிறுநீர் லேசாகச் சிவந்து போகலாம், தண்ணீர் குடித்தால் தெளியும். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. ராத்திரியே கூட்டிக்கொண்டு போ.