வகுப்பு ஏற ஏற வாசிப்பு ஏன் இறங்குகிறது?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஆறாம் வகுப்பில் பயிலும் என் தங்கை அறிவியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பிழையில்லை, தடுமாற்றமும் இல்லை. "ஆவி சுருங்குதல்னா என்ன பாப்பா?" என்று கேட்டேன். அதே வரியை மறுபடியும் படித்தாள். "அது சரி, அப்படின்னா என்ன?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாம் வகுப்பில் கதைப் பாடங்களை ஆசையோடு படித்தவள் அவள். இடையில் நேர்ந்தது என்ன? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

இருவகைத் திறன்கள்

வாசிப்பு என்பது ஒரு திறன் அன்று. இரு திறன்களின் சேர்க்கை. எழுத்தைக் கூட்டி ஒலிப்பது ஒன்று. ஒலித்த சொல்லின் பொருளை உணர்வது மற்றொன்று. 1986-ஆம் ஆண்டு கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் இவ்விரண்டின் பெருக்கற்பலனே வாசிப்பு என்றனர். கூட்டல் அன்று, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழியே.

நான்காம் வகுப்புத் திருப்பம்

முதல் மூன்று வகுப்புகளில் குழந்தை படிக்கும் சொற்கள் பெரும்பாலும் அது பேசிப் பழகியவை: மரம், ஆடு, மழை, அம்மா. எழுத்தைக் கூட்டிவிட்டால் பொருள் தானே வந்துவிடும். அதன்பின் நூலில் மட்டுமே வாழும் சொற்கள் புகுகின்றன. அதுவரை படிக்கக் கற்ற பிள்ளை, இனிப் படித்துக் கற்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியையாக இருந்த ஜீன் சால் இதனை 'நான்காம் வகுப்புச் சரிவு' என்றார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட நூலின்படி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் மற்றவர்க்கு இணையாகவே படித்தனர். நான்காம் வகுப்பிலிருந்து பின்தங்கினர். முதலில் சறுக்கியது அரிய சொற்களின் பொருளறிவே.

தமிழில் கூடுதல் சுமை

நம் மொழியில் எழுத்துகள் 247. அவற்றைக் கற்ற பின்னும், வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசும் பிள்ளை நூலில் "வந்துவிட்டனர்" என்று படிக்க வேண்டும். சொற்களும் நீளமானவை. "கண்டுபிடிக்கப்பட்டுள்ளது" என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளைக்கு, முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்துபோகிறது.

கூட்டு வட்டிக் கணக்கு

நன்கு படிக்கும் பிள்ளை விரும்பிப் படிக்கிறது, புதுச்சொற்கள் சேர்கின்றன, அடுத்த பாடம் எளிதாகிறது. திணறும் பிள்ளையோ புத்தகத்தைத் தவிர்க்கிறது. அதனால் மேலும் திணறுகிறது. முதலுள்ளவனுக்கு வட்டி வளர்வதும், கடன்பட்டவனுக்குக் கடன் வளர்வதும் போன்றதே இது. 1986-இல் ஸ்டானோவிச் என்னும் அறிஞர் இதை விளக்கினார். தேர்விலோ, மனப்பாடம் இக்குறையை மறைத்துவிடுகிறது. பிள்ளைக்குக்கூடத் தான் பின்தங்கியது தெரிவதில்லை.

செய்யத் தக்கவை

2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் அடித்தளத்தை உறுதிசெய்ய எழுந்தது. அந்த அக்கறை மேல்வகுப்புகளிலும் தொடர வேண்டும். எந்தப் பாட ஆசிரியரும் புதுச்சொல்லைப் பிள்ளை அறிந்த பொருளோடு இணைத்த பின்னரே பாடத்துள் செல்லுதல் நலம். பாடநூலுக்கு அப்பால் கதைநூல்கள் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் அல்ல.

படிக்காத பெற்றோர் என்ன செய்ய இயலும் என்பர். என் தாயார் பள்ளி சென்றவரல்லர். அன்று மாலை உலையிலிருந்து சோற்றுப்பானை மூடியை அவர் எடுத்தபோது, அடியில் துளித்துளியாக நீர் நின்றது. "பானைக்குள்ள இருந்த ஆவிதான் மூடியில பட்டுத் தண்ணியாயிடுச்சு. இதுதான் பாப்பா உன் பாடம்" என்றேன். தங்கை மூடியைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பின் தாயாரிடம் அப்பாடத்தைத் தன் சொற்களிலேயே சொல்லத் தொடங்கினாள். "இது எனக்குத் தெரிஞ்சதுதானே!" என்றார் அவர்.

வீட்டில் அறிவு இல்லாமலில்லை. அதற்குப் புத்தகம் வைத்த பெயர்தான் தெரியவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்துள்ள நாம், விடுமுறை நாட்களில் அந்தப் பெயர்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வோமாக!