‘உங்க கம்பெனியில சொல்லி விடுப்பா’: முகப்பழக்கத்துக்கு ரெஃபரல் கொடுக்கலாமா?

ஓ.எம்.ஆர்.ல வேலை, கோவளத்துல வீடுன்னா உங்க ஐ.டி. கார்டை ஊரே பார்த்திருக்கும். காலையில கேளம்பாக்கம் ரோட்டுல ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கும்போது கழுத்துல தொங்குற டேகை மளிகைக்கடை அண்ணாச்சியும் பார்க்கிறார், எதிர்வீட்டு அக்காவும் பார்க்கிறாங்க. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்ல ஒரு பி.டி.எஃப். வந்து விழும். “தம்பி, இது நம்ம மச்சான் பையன் ரெஸ்யூம். உங்க கம்பெனியில கொஞ்சம் சொல்லி விடுப்பா.”

அந்தப் பையனை நீங்க ரெண்டு தடவை பார்த்திருப்பீங்க. ஒரு தடவை கல்யாணப் பந்தியில, இன்னொரு தடவை பைக்ல போகும்போது. அவன் வேலையைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

இந்த இடத்துல நம்மில் பெரும்பாலானவங்க ரெண்டு விதமா நடந்துக்கிறோம். தொல்லை விட்டா போதும்னு ரெஸ்யூமை அப்படியே போர்ட்டல்ல ஏத்திடுறோம். இல்லன்னா ப்ளூ டிக் விழாம பார்த்துட்டு மாசக்கணக்கா ஒளிஞ்சு திரியறோம். முதலாவதுல ஆபீஸ்ல பேர் போகும், ரெண்டாவதுல ஊர்ல பேர் போகும்.

ஒரு காலத்துல பேங்க்ல அக்கவுண்ட் திறக்கணும்னா, ஏற்கெனவே அங்க அக்கவுண்ட் வெச்சிருக்கிற ஒருத்தர் ‘இன்ட்ரொடியூசர்’னு கையெழுத்துப் போடணும். இவரை எனக்குத் தெரியும்னு சொல்றதோட அவர் வேலை முடிஞ்சது. ஜாமீன் கையெழுத்து வேற கதை. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. ரெண்டுமே கையெழுத்துதான், ஆனா எடை வேற.

ரெஃபரலும் இப்படித்தான். அந்த ஒரே வார்த்தைக்குள்ள மூணு வேலை இருக்கு. இந்த போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு லிங்க் அனுப்புறது ஒண்ணு. போர்ட்டல்ல உங்க எம்ப்ளாயி ஐ.டி.யைப் போட்டு ரெஸ்யூமை ஏத்துறது இன்னொண்ணு. “நல்லா வேலை செய்வார், எடுத்துக்கலாம்”னு மேனேஜர்கிட்ட வாயைத் திறந்து சொல்றது மூணாவது. சட்டப்படி நீங்க யாருக்கும் ஜாமீன் இல்லைதான். ஆனா மூணாவதைச் செஞ்சா ஆபீஸ் கணக்குல நீங்க ஜாமீன்தாரர். அந்தப் பையன் ரெண்டே மாசத்துல சொல்லாம கொள்ளாம நின்னுட்டா, மேனேஜர் முதல்ல திரும்பிப் பார்க்கிறது உங்க சீட்டைத்தான்.

நடுவுல இருக்கிற போர்ட்டல் வேலைதான் ஏமாத்துற இடம். சும்மா அப்லோட்தானேன்னு தோணும். ஆனா பல கம்பெனி ஃபார்ம்ல ‘இவரை எத்தனை வருஷமா தெரியும், எந்த வகையில தெரியும், கூட வேலை பார்த்திருக்கீங்களா’ன்னு கேள்வி இருக்கும். அதுல ‘முன்னாள் சக ஊழியர்’னு தட்டிட்டா, அது உங்க பேர்ல பதிவாகிற பொய். சில போர்ட்டல்ல அந்த விண்ணப்பம் பல மாசம் உங்க பேர்லயே நிக்கும்.

சரி, அப்போ முகப்பழக்கம் உள்ளவங்களுக்கு ஒண்ணுமே செய்யக் கூடாதா? இல்லவே இல்ல. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டன் பக்கத்துல இருக்கிற நியூட்டன்ல, தெரிஞ்சவங்க மூலமா புது வேலைக்கு மாறினவங்ககிட்ட, சொன்ன ஆளை அந்தச் சமயத்துல எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடி பார்ப்போம்னு சொன்னவங்க 16.7% தான். எப்பவாவதுன்னு சொன்னவங்க 55.6%, ரொம்ப அபூர்வமான்னு சொன்னவங்க 27.8%. 1973-ல வந்த அந்தக் கட்டுரை இன்னிக்கும் பேசப்படுது. சின்ன கணக்கெடுப்புதான், ஆனா விஷயம் பெருசு. நெருங்கின வட்டத்துக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரிஞ்சிருக்கும், தூரத்துப் பழக்கத்துலதான் புது தகவல் வரும். அந்த மச்சான் பையனுக்கு உங்ககிட்ட இருந்து கிடைக்கக்கூடிய பெரிய உதவியும் தகவல்தான். சிபாரிசு இல்லாம அதைத் தாராளமா கொடுக்கலாம்.

அதனால பதிலை இப்படிச் சொல்லிப் பாருங்க:

“அண்ணாச்சி, ரெஸ்யூம் பார்த்தேன். இவன் படிப்புக்கு ஏத்த மாதிரி ரெண்டு போஸ்ட் போட்டிருக்காங்க, லிங்க் அனுப்புறேன், நேரா அப்ளை பண்ணச் சொல்லுங்க. என் பேர்ல ரெஃபர் பண்ணணும்னா கூட வேலை பார்த்திருக்கியான்னு கேட்பாங்க, அதுல பொய் எழுத முடியாது. இன்டர்வியூ வந்தா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க, என்ன கேட்பாங்கன்னு சொல்லித் தரேன்.”

இதுல ‘முடியாது’ங்கிற வார்த்தை பொய்க்கு மட்டும்தான் வருது, பையனுக்கு வரலை, கவனிச்சீங்களா? “எங்க கம்பெனியில ரெஃபரலே கிடையாது”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவன் அப்ளை பண்ணும்போது ஃபார்ம்லயே ‘எம்ப்ளாயி ரெஃபரல்’னு ஒரு கட்டம் இருக்கும். அன்னிக்குச் சாயங்காலமே கடைக்கு நியூஸ் போயிடும்.

சொந்தக்காரங்கன்னா இன்னும் கஷ்டம். “என்னப்பா, பெரிய ஆளாயிட்ட போல”ன்னு சித்தப்பா ஒரு வார்த்தை விடுவார். வாங்கிக்கோங்க. அதுக்குப் பயந்து எழுதின சிபாரிசுக்கு ஆகுற செலவு அதைவிட அதிகம். சித்தப்பா கோபத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பையனோட ரெஸ்யூமைத் திருத்திக் கொடுங்க. அப்படி உட்காரும்போது அவனைப் பத்தி உங்களுக்கே நேரடியா கொஞ்சம் தெரியவரும். நிஜமாவே கெட்டிக்காரன்னு தோணினா அப்போ ரெஃபர் பண்ணலாம், ‘குடும்ப உறவு, கூட வேலை பார்த்ததில்லை’ன்னு உள்ளதை உள்ளபடி எழுதி.

கேட்காமலே உங்க பேரைப் போட்டுட்டா?

இது இப்போ நிறைய நடக்குது. லிங்க்ட்இன்ல பார்த்துட்டு உங்க பேரை ஃபார்ம்ல எழுதிடுவாங்க. ஹெச்.ஆர். கூப்பிடும்போதுதான் நமக்கே தெரியும். அப்போ தடுமாறி “ஆமா, நல்ல பையன்தான்”னு சொல்லிடாதீங்க. ரெண்டு வரி மெயில் போதும்: “இவர் எங்க ஏரியாக்காரர், முகப்பழக்கம் மட்டும்தான். கூட வேலை பார்த்ததில்லை, நான் ரெஃபர் செய்யவும் இல்லை. அவரோட வேலைத்திறனைப் பத்தி நேரடியா எதுவும் தெரியாது.” அவ்வளவுதான். “அவன் ஒரு மாதிரின்னு கேள்விப்பட்டேன்” மாதிரி டீக்கடைப் பேச்சைச் சேர்க்க வேண்டாம். கேள்விப்பட்டதை வெச்சு ஒருத்தர் சோத்துல கை வைக்கக் கூடாது. பேரைப் போட்டவர்கிட்டயும் பேசிடுங்க: “தம்பி, அடுத்த தடவை கேட்டுட்டுப் போடு, ஹெச்.ஆர்.கிட்ட உள்ளதைத்தான் சொல்லியிருக்கேன்.”

சில பேர் இன்னும் ஒரு படி மேல போவாங்க. “ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டிருக்கேன் அண்ணா, லெட்டர் ரெடி பண்ணித் தராங்க.” இதைக் கேட்டதுமே லிங்க் அனுப்புறதையும் நிறுத்திக்கோங்க. பி.எஃப். யு.ஏ.என். சர்வீஸ் ஹிஸ்டரியில எந்தக் கம்பெனியில எப்போ சேர்ந்தார், எப்போ விலகினார்னு தேதியோட நிக்கும். ஃபார்ம் 26ஏ.எஸ்.ல சம்பளத்துக்கு டி.டி.எஸ். பிடிச்சது யாருன்னு வரும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இதெல்லாம் கேட்கிறாங்க. மாட்டினா அவனோட போகாது, ரெஃபர் பண்ணினது யாருன்னு அடுத்த கேள்வி வரும்.

கடைசியா, பணம். சிறுசேரி சிப்காட்ல பெரிய வளாகம் வெச்சிருக்கிற டி.சி.எஸ். விஷயம் ஞாபகம் இருக்கா? கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்புற ஏஜென்சிகள்கிட்ட இருந்து சில ஊழியர்கள் ஆதாயம் வாங்கினதா 2023 ஜூன்ல செய்தி வந்துச்சு. அது சிறுசேரியில நடந்ததுன்னு சொல்ல வரலை. விசாரணை முடிஞ்சு அக்டோபர்ல கம்பெனி வெளியிட்ட அறிக்கையில, 19 ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்ததாகவும், நடத்தை விதியை மீறினதுக்காக 16 பேர் வெளியேத்தப்பட்டதாகவும், 3 பேர் அந்தப் பிரிவிலிருந்து மாத்தப்பட்டதாகவும் சொல்லியிருந்தாங்க. 6 ஏஜென்சிகளுக்கும் தடை. இத்தனைக்கும் கம்பெனிக்குப் பண நஷ்டம் எதுவும் இல்லைன்னும் அதே அறிக்கை சொல்லுச்சு. நஷ்டம் இல்லாமலே வேலை போச்சு.

அதனால “வேலை கிடைச்சா முதல் மாசச் சம்பளம் உங்களுக்கு”ன்னு யாராவது சொன்னா சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னு சொல்லுங்க, பேச்சையும் அத்தோட முடிச்சுக்கோங்க. “போனஸ்ல பாதி கொடுத்துடு”ன்னு வர்ற டீலுக்கும் இதே பதில்தான். அந்த போனஸும் நினைக்கிற அளவுக்குக் கையில வராது. ரெஃபரல் போனஸ் உங்க சம்பள வருமானத்தோட சேரும். 20% வரி அடுக்குல இருக்கிறவருக்கு 25,000 ரூபாய் போனஸ்னா, செஸ்ஸோட சேர்த்து 5,200 ரூபாய் வரி போய் 19,800 மிஞ்சும். அதுவும் பல கம்பெனியில, சேர்ந்தவர் சில மாசம் தாக்குப்பிடிச்ச பிறகுதான் கிரெடிட் ஆகும்.