ஹாலில் ஒரு கார்ட்லெஸ் போன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும் லேண்ட்லைனை விடாத வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பார்கள். மணி அடித்ததும் மூட்டுவலியோடு ஹாலுக்கு ஓட வேண்டாமே என்று ஆன்சரிங் மெஷினும் சேர்ந்த கார்ட்லெஸ் போனை வாங்கி வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிக் கொடுப்பவரின் வசதிக்கு அமைத்துவிட்டுப் போனால், ஒரே மாதத்தில் அது துணி போர்த்திய அலங்காரப் பொருளாகிவிடும். அதைப் பயன்படுத்தப் போகிறவர் யாரோ, அவருக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

● பேஸை, அதாவது லைனோடு இணைக்கும் அடிப்பகுதியை, வீட்டின் நடுவில், இடுப்புக்கு மேலான உயரத்தில் வையுங்கள். கட்டடத்துக்குள் 50 மீட்டர் வரை எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது தடைகள் குறைந்த கட்டடத்துக்கான கணக்கு. தடித்த செங்கல் சுவர், இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் அலையைத் தின்னும். ஹேண்ட்செட்டோடு படுக்கையறை, சமையலறை, கொல்லைப்புறம் என்று பேசிக்கொண்டே ஒருமுறை நடந்து பாருங்கள். குரல் எங்கே அறுபடுகிறதோ, அதைப் பொறுத்து பேஸை நகர்த்துங்கள்.

● முதல் தடவை பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். பல மாடல்களின் கையேடு 15, 16 மணி நேரம் வரை சொல்லும். மாலையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுப்பது சரியாக இருக்கும்.

● எந்த லைன் என்று பார்த்து இணையுங்கள். பழைய செம்புக் கம்பி லைனில் பிராட்பேண்டும் இருந்தால், இடையில் ஸ்ப்ளிட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காதில் இரைச்சல் கேட்கும். ஃபைபர் இணைப்பு என்றால், மோடத்தின் பின்னால் ‘போன்’ என்று குறித்த துளையில் செருக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் லேன் துளை கொஞ்சம் பெரிது. போன் ஒயர் அதற்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் டயல் டோன் வராது.

● வரவேற்புச் செய்தியை வீட்டுக்காரர் குரலில், தமிழில் பதியுங்கள். இது சின்ன விஷயமல்ல. மெஷினோடு வரும் ஆங்கிலக் குரலைக் கேட்டதும் ஊரிலிருந்து பேசும் சித்தப்பா ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிடுவார். அடுத்த முறை கூப்பிடவே தயங்குவார். மெஷினோடு பேசும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவே இல்லை. அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது: “வணக்கம். இப்போது போன் எடுக்க முடியவில்லை. ‘பீப்’ சத்தம் கேட்டதும் உங்கள் பெயரையும் விஷயத்தையும் சொல்லுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்.” இவ்வளவு போதும்.

● எத்தனை முறை மணி அடித்த பிறகு மெஷின் எடுக்க வேண்டும் என்பதை, வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை வைத்து முடிவு செய்யுங்கள். இருக்கிற வேலைகளில் முக்கியமானது இதுதான். நாலு முறை அடித்ததும் மெஷின் எடுத்துவிட்டால், நாற்காலியிலிருந்து எழுந்து வருவதற்குள் அழைப்பு போயிருக்கும். அமைப்பில் உள்ளதிலேயே அதிக எண்ணிக்கையை வையுங்கள். ‘டோல் சேவர்’ என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன்படி, புதிய பதிவு ஏதாவது இருந்தால் மெஷின் சீக்கிரமே எடுத்துவிடும், இல்லாவிட்டால் தாமதித்து எடுக்கும். வெளியூரிலிருந்து பதிவு கேட்கக் கூப்பிடுபவர், சில முறை மணி அடித்தும் மெஷின் எடுக்காவிட்டால் காசு செலவாகும் முன் வைத்துவிடலாம். எஸ்டிடி கட்டணத்துக்குப் பயந்த காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். இன்று முதியவர் வீட்டில் வெறும் தொல்லை.

● எண்களைச் சேமிக்கும்போது, செல்போன் எண்களுக்கு முன் 0 சேருங்கள். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச அது கட்டாயம். பழைய டைரியைப் பார்த்து அப்படியே ஏற்றினால் ஒன்றும் போகாது. அவசர எண் 112-ஐ ஒற்றைப் பொத்தானில் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

● பேஸில் உள்ள ‘பேஜ்’ பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். தலையணைக்கு அடியில் மறைந்துபோன ஹேண்ட்செட் அதை அழுத்தினால் கூவும்.

செய்யக்கூடாதவை

● அமெரிக்காவிலிருந்து வரும்போது போனைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். அங்கத்திய ‘டெக்ட் 6.0’ வகை கார்ட்லெஸ் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குபவை. இங்கே விற்கும் டெக்ட் போன்களுக்கு 1880 முதல் 1900 வரை. அதற்கு முன்பே அடாப்டர் காலை வாரிவிடும்: 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் மிஞ்சும்.

● சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கிய சாதாரண பேட்டரியை ஹேண்ட்செட்டில் போடாதீர்கள். அளவு பொருந்தும். ஆனால் சார்ஜ் ஏற்றினால் கசியும், வெடிக்கவும் கூடும். ‘ரீசார்ஜபிள்’ என்று எழுதிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை மட்டுமே போடலாம். பழையதையும் புதியதையும் கலக்கவும் கூடாது.

● படுக்கப்போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைக்கும் நம் வீட்டு வழக்கத்துக்கு இந்தப் பிளக் பலியாகக்கூடாது. பேஸுக்கு மின்சாரம் இல்லையென்றால் மெஷின் மட்டுமல்ல, போனே வேலை செய்யாது. சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

● கார்ட்லெஸ் ஒன்றையே நம்பி இருக்காதீர்கள். செம்பு லைன் என்றால், ஒயர் வைத்த சாதாரண போன் ஒன்று இணையாக இருக்கட்டும். அதற்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் லைனில் அந்தச் சலுகை கிடையாது. மோடம், பேஸ் இரண்டையும் இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும்.

● இடி மின்னலின்போது போனை இணைப்பில் விடாதீர்கள். அடாப்டரை மட்டும் பிடுங்கினால் போதாது; டெலிபோன் ஒயர் வழியாகவும் மின்னல் வரும்.

● “20-ஆம் தேதி வரை ஊரில் இல்லை” என்று வரவேற்பில் பதியாதீர்கள். பூட்டிய வீட்டுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. வெளியிலிருந்து பதிவைக் கேட்பதற்கான ரகசிய எண்ணையும் கம்பெனி வைத்தபடி 0000, 1234 என்று விட்டுவைக்கக்கூடாது.

● ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று பதிவாகியிருந்தால் அந்த எண்ணைத் தொடாதீர்கள். பாஸ்புக்கில் உள்ள கிளை எண்ணில்தான் விசாரிக்க வேண்டும். இத்தகைய அழைப்புகளுக்கு மெஷினே ஒரு வேலி. ஸ்பீக்கரில் யார் என்று கேட்டு, தெரிந்தவர் என்றால் பாதியில் எடுத்துப் பேசலாம். விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஒலியைக் குறையுங்கள். வீட்டுச் சண்டையும் அதே ஸ்பீக்கரில்தான் ஒலிபரப்பாகும்.

● கேட்டு முடித்த பதிவுகளைச் சேர்த்துவைக்காதீர்கள். பல மெஷின்களில் மொத்த இடமே அரைமணி நேரத்துக்குள்தான். நிறைந்துவிட்டால் புதிதாக எதையும் பதியாது. பேரனின் மழலை பதிவாகி, அழிக்க மனம் வரவில்லையென்றால் செல்போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, உங்கள் செல்போனிலிருந்து கூப்பிட்டு ஒரு செய்தி பதியுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல், அப்பாவோ அம்மாவோ தாமாகவே விளக்கு மினுங்குவதைப் பார்த்துப் பொத்தானை அழுத்திக் கேட்கிறார்களா என்று பாருங்கள். சில நாள் பழகியும் கைவரவில்லையென்றால் ஆன்சரிங் மெஷினை அணைத்துவிட்டு, கார்ட்லெஸ்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத பதிவைவிட விடாமல் அடிக்கும் மணி எவ்வளவோ மேல்.