பெயரைப் பிரித்துப் படி

சனத்நகர்,
ஐதராபாத்.

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுகிறேன். விடுமுறைக்கு இங்கே ரயிலில் வந்தபோது, திருத்தணி, பொன்பாடி தாண்டியதும் வந்த ஸ்டேஷன் பலகையைப் பாதி படித்து விட்டுவிட்டாயாமே? உன் அப்பா சொன்னான். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து, தெலுங்கில் 13தான். பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

முதலில் பொருள் பார்த்துப் பிரி: வெங்கட, நரசிம்ம, ராஜு, வாரி, பேட்டை. தெலுங்கில் 'வாரி' என்றால் 'அவர்களின்'. வெங்கடநரசிம்மராஜு அவர்களின் பேட்டை, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு துண்டையும் அசையாகப் பிரி: வெங்-கட, நர-சிம்-ம, ரா-ஜு, வா-ரி, பேட்-டை. துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பூத்தொடுப்பது போல ஒன்றோடொன்று சேர்.

இந்த வரிசையை மாற்றிவிடாதே. எடுத்ததுமே அசை பிரித்தால், 'நரசிம்ம'வின் கடைசி 'ம'வும் 'ராஜு'வின் 'ரா'வும் ஒட்டிக்கொண்டு 'மரா' என்று ஒரே நிரையசை ஆகிவிடும். பெயர் தப்பான இடத்தில் உடையும். இடம் மாறினால் பொருளும் மாறும். 'வேங்கை' என்றால் புலி, மரம். அதையே வேம்+கை என்று பிரித்தால் வேகின்ற கை. இலக்கணத்தில் இதைப் பொதுமொழி என்பார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள். ஜகத்+நாதன் சேர்ந்தால் ஜகந்நாதன், 'த்' மெல்லினமாகிவிடுகிறது. ஆனால் சனத்+நகர், சனத்நகராகவே நிற்கிறது. 'சன்அத்' என்பது உருதுச் சொல்; தொழில் என்று பொருள். தொழிற்பேட்டை உள்ள இடத்துக்குப் பொருத்தமான பெயர். வடமொழிப் புணர்ச்சி அதைத் தொடவில்லை. ஆகவே 'சனத்' என்றதும் நாக்கு பல்லருகே ஒரு கணம் நிற்க வேண்டும், அதன்பிறகே 'நகர்'.

நார்வேக்காரர்களும் நம்மைப் போலச் சொற்களை ஒட்டி எழுதுகிறவர்கள்தான். மழலையர் பள்ளியை அவர்கள் 'பார்னெஹாகெ' என்கிறார்கள். 'பார்ன்' குழந்தை, 'ஹாகெ' தோட்டம். நடுவில் வரும் 'எ' இரண்டையும் இணைக்கும் ஒலி. புளி+அம்+காய், புளியங்காய் ஆகும்போது நடுவில் 'அம்' என்ற சாரியை வருகிறதே, அதே வேலைதான். அவர்களுடைய கூட்டுச்சொற்களில் பெரும்பாலும் முதல் துண்டில் அழுத்தம் விழும். எனவே அங்கேயும் முதல் வேலை, சொற்கள் சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

ஒரு ஊரின் பெயரை விழுங்காமல் முழுதாகச் சொல்வது, அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. அடுத்த முறை வரும்போது ஜன்னலோர இருக்கையில் உட்கார். அந்தப் பலகையைத் தடுமாறாமல் படித்துவிட்டு, ரேணிகுண்டா வருவதற்குள் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் தாத்தா